நைனா அழுத வீடு

நகரி
10-9-2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரணி எழுதுகிறேன். அங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதா, உன் நெஞ்சுச் சளி குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நைனாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீ மலைமேல் பட்டாள முகாமிலிருந்து சாட்டிலைட் போனில் பேசியபோது, "உங்க நைனாவுக்குக் கொஞ்சம் பீபி" என்று அம்மா சொன்னாள். உனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று தெரியும். அதனால் நானும் போனைப் பிடுங்கிப் பேசவில்லை. அது வெறும் பீபி இல்லை அண்ணா. ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பேச்சு குழறுகிறது, ஆனால் எங்களுக்குப் புரிகிறது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வந்தது வேறு. நைனா அழுகிறார்.

ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் ஆதிநாராயணன் அழுகிறார் என்று எழுதும்போது எனக்கே வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. முதல் தடவை, கேஸ் சிலிண்டர் போட வந்தவர் "எப்டி கீறீங்க சார்?" என்று கேட்டதற்கு அழுதார். அப்புறம் டிவியில் மாட்டுத் தீவன விளம்பரம் பார்த்து அழுதார். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் அழுதார். வாய் கோணிக்கொண்டு, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுகிறார். மூளையில் அழுகையைப் பிடித்து வைக்கிற இடம் அடிபட்டிருக்கிறதாம். துக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருமாம். மெல்லக் குறையலாம் என்றார் டாக்டர்.

யார் வந்தாலும் அம்மா உள்ரூம் கதவைச் சாத்திவிடுகிறாள். சார் வைத்தியத்துக்குச் சென்னை போயிருக்கிறார் என்று சொல்லிவிடும்படி பெரியநைனா வேதாச்சலம் யோசனை கொடுத்திருக்கிறார். அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். உள்ளே சத்தம் கிளம்பினால் டிவியைச் சத்தமாக வைக்கிறோம்.

உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அதனால் எழுதினேன். கையுறை போடாமல் வெளியே போகாதே.

உன் தம்பி
பரணி


முகாம்
8-10-2023

தம்பி பரணிக்கு,

வேணு எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது, சளி போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்.

கடிதம் கிடைத்தது. மாத்திரை நேரம் தவறக் கூடாது. உப்பைக் குறைக்கச் சொல்.

பெரியநைனா சொன்னதுதான் சரி. வெளி ஆட்கள் கண்ணில் நைனா படக் கூடாது. கிரவுண்டில் அழுதவனுக்கு டீமில் இடமில்லை என்று நம் ஊர் முழுக்கச் சொல்லி வளர்த்தவர் அவர். இப்போது அவருக்கு யோசனை தெளிவாக இருந்தால், என்னை மூடி வையுங்கள் என்று அவரே சொல்லியிருப்பார். நான் அங்கே இல்லை. நீதான் ஆம்பிளையாக நின்று வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். என் செக்‌ஷனில் பாகாலாக்காரன் ஒருத்தன் வந்து சேர்ந்திருக்கிறான். பெயர் சிரஞ்சீவி. என் வயது. என் தெலுங்கைக் கேட்டுச் சிரிக்கிறான். பனியை உருக்கிய தண்ணீரில் ராகி சங்கட்டி கிண்டிப் போட்டான். களி என்றால் நம் ஊர்க் களிதான். எத்தனையோ நாள் கழித்து வயிறு நிறையத் தின்றேன்.

அம்மாவைக் கவனித்துக்கொள்.

வேணு


நகரி
5-11-2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி பரவாயில்லை. சிரஞ்சீவி அண்ணனைக் கேட்டதாகச் சொல். களி கிண்டத் தெரிந்தவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று அம்மா சொல்கிறாள்.

நீ சொன்னபடி நான் செய்யவில்லை. கோபித்துக்கொள்ளாமல் படி.

நைனாவுக்குப் பிசியோதெரபி வேண்டும். நகரியில் ஆள் கிடைக்கவில்லை. அதனால் வாரத்தில் இரண்டு நாள் ஏகாம்பரக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றித் திருப்பதிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே ஸ்ரீதேவி என்று ஒரு மேடம் கை கால் பயிற்சி கொடுக்கிறார்.

முதல் நாள் புத்தூரில் ஒரு ஆள் எங்கள் பெட்டியில் ஏறினார். நைனாவிடம் கபடி கற்றுக்கொண்டவர்தான், உனக்கும் சீனியர். நைனாவைப் பார்த்ததும் கும்பிட்டுக்கொண்டே கிட்டே வந்தார். நைனாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே வாய் கோண ஆரம்பித்தது. அந்த ஆள் அப்படியே நின்றார். பிறகு போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நைனா அதைப் பார்த்துவிட்டார் அண்ணா. அழுகை இன்னும் பெரிதானது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு ரேணிகுண்டாவில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றிருந்தது. ஆனால் அவருடைய இடது கை என் சட்டையைப் பிடித்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. "டீ வாங்கு" என்றார்.

பெரியநைனாவுக்கு விஷயம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்.

"ஊருக்கே ஆம்பளத்தனம் சொல்லிக் குடுத்த மனுசன். அவர ரயில்ல அழவெச்சிக்கினு போறியே, உனக்கு இன்னாடா புத்தி?"

"வூட்லயே வெச்சா கால் வராது பெரியநைனா."

"வராங்காட்டி போவட்டும்டா. மானமாவது மிஞ்சும்."

நைனா உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அவர் அழவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

ஆறாவது படிக்கும்போது ஓட்டப் பந்தயத்தில் தோற்று அழுதேனே, நினைவிருக்கிறதா? நைனா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நான் அவர் எதிரில் அழுததே இல்லை. அப்புறம் யார் எதிரிலும் இல்லை. ஸ்ட்ரோக் வந்த அன்றைக்கு ஆம்புலன்சில்கூட எனக்குக் கண் கலங்கவில்லை. அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீ சிட்டி கம்பெனியில் எனக்குக் கிடைத்த வேலையில் சேரச் சொன்ன தேதி போய்விட்டது. நைனாவை விட்டுப் போக முடியவில்லை. வேறு கம்பெனி வரும். கவலைப்படாதே.

தம்பி பரணி


முகாம்
12-12-2023

பரணிக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டிவலிக்கு எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டு.

பெரியநைனாவிடம் போனில் பேசினேன். ஊரே சிரிக்கிறதாம். நான் சொன்னதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். ஒன்று மட்டும் எழுதுகிறேன். நீ சின்ன வயதிலிருந்தே இளகின ஆள். அது உன்னோடு இருக்கட்டும். நைனாவை உன்னைப்போல ஆக்கிவிடாதே. அவர் கம்பீரமாக நிற்பதைப் பார்த்துத்தான் நான் பட்டாளத்தில் சேர்ந்தேன். எனக்கு அந்த நைனா வேண்டும்.

இதையெல்லாம் சிரஞ்சீவியிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் உன் கட்சி. "மா நான்னா, எங்க அப்பா, என் முன்னாடி ஒரே ஒரு தடவை அழுதால் நான் அவருக்கு மாலை போடுவேன்" என்கிறான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

ஜனவரியில் தபால் தாமதமாகும். ஹெலிகாப்டர் வந்தால்தான் உண்டு.

வேணு


நகரி
24-1-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் முடிந்தது. நீ இல்லாமல் படைத்தோம். நாங்கள் சுகம்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்துக்குப் பதில் சொல்லச் சண்டை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இப்போது அது வேண்டாம்.

நேற்று ஸ்ரீதேவி மேடம் நைனாவை வாக்கரில் நடக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே பெஞ்சில் கிடந்த தெலுங்குப் பேப்பரை எடுத்தேன். பனிச்சரிவில் இறந்த வீரர், சொந்த ஊர் பாகாலா, அரசு மரியாதையுடன் அடக்கம் என்று போட்டிருந்தது. போட்டோவும் பெயரும் இருந்தன.

அண்ணா, அது உன் சிரஞ்சீவிதானா? நீ அப்போது எங்கே இருந்தாய்? உனக்கு ஏதாவது அடி பட்டதா? அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வரியானாலும் எழுது.

பரணி


முகாம்
18-2-2024

தம்பி பரணிக்கு,

எனக்கு அடி எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன். அம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நைனா மாத்திரை சாப்பிடுகிறாரா?

ஆமாம், அவன்தான்.

திருப்பதி வரை போகிறாய். முடிந்தால் ஒரு நாள் பாகாலா போய் அவன் வீட்டைப் பார்த்துவிட்டு வா. அவன் அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மா பெயர் பத்மாவதி. ஸ்டேஷனில் கேட்டால் சொல்வார்கள்.

வேறொன்றும் இல்லை.

வேணு


நகரி
17-3-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் ஏறிவிட்டது. உனக்கு அங்கே கொஞ்சமாவது பனி விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பாகாலா போனோம். போனோம் என்றால் நானும் நைனாவும். திருப்பதியில் பயிற்சி முடிந்ததும் அவரை யாரிடமும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அதனால் அப்படியே பாகாலா ரயிலில் ஏற்றிவிட்டேன். வழியில் சிரஞ்சீவியைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

தெருமுனையிலேயே பெரிய பிளெக்ஸ் இருக்கிறது. யூனிபாரத்தில் சிரஞ்சீவி, சுற்றிலும் கட்சிக்காரர்கள் போட்டோ. வீட்டில் அவர் அப்பா எங்களை நன்றாக வரவேற்றார். இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு. நம் நைனா பழையபடி இருந்தால் எப்படியோ அப்படி. சுவரில் மாட்டிய போட்டோவையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். பெரிய ஆபீசர் சல்யூட் அடித்தது, கொடி போர்த்தியது, கலெக்டர் வந்தது. "எங்கள் வீட்டில் ஒருத்தரும் அழவில்லை பாபு. வீரனைப் பெற்ற வீட்டில் அழக் கூடாது என்று சொல்லிவிட்டேன்" என்றார் தெலுங்கில். பத்மாவதி அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் காய்ந்துபோய் இருந்தது. அந்தக் கண்ணை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நைனாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். எதிரே மாலை போட்ட போட்டோ. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோண ஆரம்பித்ததைக் கவனித்தேன். தோளிலிருந்து துண்டை எடுப்பதற்குள் வெடித்துவிட்டது. ரயிலில் அழுததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க, உடம்பு சரியில்லாதவரு, அதுவா வருது" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கி வெளியே கூட்டிப் போகப் பார்த்தேன்.

பத்மாவதி அம்மா வந்து என் கையைத் தடுத்தார். நைனாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். விழுந்துபோன அந்த வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் அழ ஆரம்பித்தார். "நா பிட்டா, நா பிட்டா" என்று, என் பிள்ளையே என்று. பிள்ளையின் உடம்பு வந்த நாளிலிருந்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை என்று பக்கத்து வீட்டம்மா பிறகு சொன்னார். மூச்சு முட்ட முட்ட அழுதார். நைனாவும் நிறுத்தவில்லை. ஒருவரை ஒருவர் அதற்கு முன்னால் பார்த்ததுகூடக் கிடையாது.

சிரஞ்சீவியின் அப்பா விறுவிறுவென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று பயந்து பின்னாலேயே போனேன். வாசலில் பிள்ளையின் பைக் தார்ப்பாய் மூடி நிற்கிறது. அதன் சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. நான் கிட்டே போகவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. அங்கேயே நின்றிருந்தேன்.

சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார் அந்த அம்மா. சங்கட்டியும் வேர்க்கடலைத் துவையலும். நைனாவுக்கு அவரே ஊட்டிவிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன்.

"நைனா, அங்க அது தானா வந்துச்சா?"

அவர் வார்த்தையைச் சேர்க்க நேரம் எடுக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ இன்னும் பார்க்கவில்லை. பொறுமையாக இருந்தேன்.

"இல்லடா. மத்ததெல்லாம் தானா வர்றது. இது நானு அழுதது."

அவ்வளவுதான் சொன்னார். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
பரணி


நகரி
5-5-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மார்ச்சில் போட்ட கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போனும் இல்லை. எலெக்‌ஷன் சத்தத்தில் தபால் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

நான் எழுதியது தப்பாகப் பட்டிருந்தால் திட்டியாவது எழுது. நைனா தினமும் "வேணு?" என்று கேட்கிறார்.

பரணி


முகாம்
26-5-2024

என் அன்புத் தம்பி பரணிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றது நன்றாக இல்லை. இதுவரை ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்றே எழுதிவிட்டேன்.

உன் பாகாலாக் கடிதம் கிடைத்து நாளாயிற்று. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ரோந்து போய்த் திரும்பும்போது சரிவு இறங்கியது. சிரஞ்சீவி எனக்கு முன்னால் போனான். கண் மூடித் திறப்பதற்குள் ஆளைக் காணோம். தோண்டினோம். நான்தான் அவனை முதலில் தொட்டேன். எடுத்தபோது உயிர் இருந்தது பரணி. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "அம்மகி செப்பு" என்றான். அம்மாவிடம் சொல் என்று. என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

அந்தப் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பது? அதனால்தான் உன்னைப் போகச் சொன்னேன். நான் அழவில்லை. அடுத்த நாளே டியூட்டிக்குப் போனேன். எல்லோரும் மெச்சினார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, தூக்கம் இல்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் நான் நைனாவின் பிள்ளை இல்லை என்று ஆகிவிடும் என்று பயந்தேன். நைனாவை உள்ரூமில் வைக்கச் சொன்னது அவர் மானத்துக்காக என்று எழுதினேன். அவர் அழுவதைப் பார்த்தால் எனக்கும் வந்துவிடும், அதுதான் நிஜம்.

உன் கடிதத்தைக் கூடாரத்தில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் படித்தேன். "இது நானு அழுதது" என்ற இடத்துக்கு வந்ததும் அடக்க முடியவில்லை. மறைக்க இடமும் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் ஹவில்தார் வடக்கே கர்வால் மலைக்காரர், அதிகம் பேச மாட்டார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் முழுவதும் சொன்னேன். ரயிலில் நைனாவோடு நீ உட்கார்ந்திருந்தது, பெரியநைனாவுக்குப் பதில் சொன்னது, வேலையை விட்டது, பைக் பக்கத்தில் நீ நின்றது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. முடித்ததும் ஹவில்தார், "உன் தம்பி பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

உன்னை இளகினவன் என்று எழுதினேன். பெட்டி முழுக்க முறைக்கும்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடிந்திருக்காது. நான் எழுந்து ஓடியிருப்பேன். உனக்கு அண்ணனாக இருப்பதில் எனக்குப் பெருமை. இதை எதிரில் நின்று என்னால் சொல்ல முடியாது, அதனால் எழுதிவிட்டேன்.

ஜூனில் லீவு கிடைத்திருக்கிறது. வந்ததும் பாகாலா போக வேண்டும். நீ கூட வா. நைனாவும் வரட்டும்.

அண்ணன் வேணு


நகரி
14-7-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டதுபோல் இருக்கிறது. அம்மா நலம். இந்த வாரம் அவளே நைனாவை ரயிலில் திருப்பதிக்குக் கூட்டிப் போய் வந்தாள். உள்ரூம் கதவை இப்போது யாரும் சாத்துவதில்லை. பெரியநைனா வருகிறார், நைனாவுக்கு அழுகை வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறார். ஸ்ரீ சிட்டியில் வேறு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும்.

போன வாரம் நான் மட்டும் பாகாலா போய் வந்தேன். பத்மாவதி அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். லீவில் நாம் பாகாலா போன அன்றைக்கு, அந்தப் பாதி வார்த்தையை நீ அவரிடம் தலை நிமிராமல் சொன்னாய். அவர் சிரித்துவிட்டாரே, உனக்கு அது போதுமாக இருந்ததா? "அந்தேலே பாபு, அவ்வளவுதான், எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று அதைத்தான் சொல்லுவான். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், நான் கிளம்புகிறேன் என்று. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை" என்றாரே. என்னிடமும் மறுபடி அதையே சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்னொன்று நீ பார்க்காதது. உன் ரயில் திருப்பதி பிளாட்பாரத்தை விட்டுப் போகும்வரை நான் கை ஆட்டிக்கொண்டு சிரித்தபடிதான் நின்றேன். கடைசிப் பெட்டி மறைந்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நைனா நிற்கிறார், அவரைக் கூட்டிப் போக வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் கால் நகரவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஸ்ட்ரோக் வந்த நாள், ரயிலில் அந்த ஆள் திரும்பிப் போனது, நீ பதில் போடாத மாதங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. வாயைப் பொத்தியும் சத்தம் நிற்கவில்லை.

பிளாட்பாரம் கூட்டுகிற அம்மா ஒருத்தர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "இன்னாச்சு சார் அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டார்.

நைனா வாக்கரை நகர்த்தி நகர்த்தி என் பக்கத்தில் வந்து நின்றார். இடது கையை என் தலையில் வைத்தார். குழறல் இருந்தது, ஆனால் கிரவுண்டின் அந்தக் கடைசி வரை கேட்குமே, அந்தக் குரலில் சொன்னார்:

"எம் புள்ளம்மா. அவுங்க அண்ணன் பட்டாளத்துக்குப் போறான். அதான் அழுவுறான்."

உன் தம்பி
பரணி